காமாலை என்று சொன்ன வீடு

குற்றாலிங்கம் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினதுமே குழாயைத் திறந்துவிட்டான். சும்மா இல்லை, முழுசாகத் திருகிவிட்டான். காலி வாளியில் தண்ணீர் அடிக்கிற சத்தம் அடுக்களை வரைக்கும் வந்தது. சண்முகவடிவு கேசரிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். வாளி நிரம்பட்டும் என்று தண்ணீர் திறப்பது வேறு, உள்ளே நடப்பது வெளியே கேட்கக் கூடாதென்று திறப்பது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்த காது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான். முன்னறையில் மாப்பிள்ளை வீட்டார் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கரன்கோவிலிலிருந்து வேன் பிடித்து, பூவும் பழமும் பட்டுச்சேலையுமாக, மகள் சுபாஷினிக்கு நிச்சயத் தாம்பூலம் மாற்ற வந்தவர்கள். தகப்பன் போய்விட்ட பெண்ணுக்குத் தகப்பன் இடத்தில் உட்கார்ந்து தட்டு மாற்ற வேண்டியவன் சித்தப்பன். அந்தச் சித்தப்பன்தான் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். வரட்டும், வந்துவிடுவான், மனுசனுக்கு வயிறு என்று ஒன்று இருக்காதா என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செத்துப்போன அவள் வீட்டுக்காரரும் இப்படித்தான் குழாயைத் திறந்துவிடுவார். முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. மோட்டார் போட்டு ஏத்துன தண்ணிய இப்படியா ஊத்துறது, மாடித் தொட்டி என்ன குற்றால அருவியா என்று கதவுக்கு வெளியே நின்று கத்துவாள். வெளியே வரும்போது முகம் கழுவி, தலை சீவி, திருநீறு பூசி, ஏதோ கோயிலுக்குக் கிளம்பினவர் மாதிரி வருவார். பாத்ரூமில் பினாயில் வாசனை அடிக்கும். இருபத்தஞ்சு வருசத்தில் ஒரு நாள் பினாயில் பாட்டிலைத் தொட்டிராதவர்! அதோடு தன் துணியைத் தானே துவைக்கவும் ஆரம்பித்தார். கட்டின வேட்டியை எங்கே அவிழ்த்தாரோ அங்கேயே போட்டுவிட்டுப் போகிறவர், விடியுமுன்னே எழுந்து துவைத்துக் கொடியில் காயப்போட்டிருப்பார். கடைக்கு வெள்ளை வேட்டிதான் கட்டுவேன் என்று வாழ்நாளெல்லாம் பிடிவாதம் பிடித்தவர் கறுப்புக் கட்டம் போட்ட சாரத்துக்கு மாறினார். உரக்கடையில் மூட்டைத் தூசி, அழுக்குத் தெரியாது பாரு என்றார். அவள் நம்பினாள். நம்பினது மட்டுமா, காய்கறி வண்டிக்காரம்மாவிடமும் எதிர்வீட்டுக்காரியிடமும் பெருமையடித்தாள். எங்க வீட்டுக்காரரு திருந்திட்டாரு தெரியுமா, அவரு துணிய அவரே தொவைக்காரு. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ரத்தத்தைத்தான் கழுவிக்கொண்டிருந்தார் மனுசன், பக்கத்து அறையில், அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது. கடைசியில் ஒருநாள் கழுவ மறந்தாரோ முடியாமல் போனதோ, அவள் பார்த்துவிட்டாள். அதற்கும் அவர் வைத்த பேர் சூடு. பிளாஸ்டிக் நாற்காலியில நாள் பூரா உக்காந்துருக்கேன்ல, சூடு கட்டிக்கிச்சு. சூடு என்றால் இந்த ஊரில் யாருக்கு வைத்தியம் தெரியாது? வெந்தயம் ஊறவைத்தாள். மோரில் சின்ன வெங்காயம் போட்டாள். துத்திக் கீரை தேடித் தெருத் தெருவாக அலைந்தாள், கருணைக்கிழங்கு மசித்தாள், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துவிட்டாள். எண்ணெய் தேய்க்கும்போது முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. இளைச்சிட்டீங்களே என்றாள். சர்க்கரையக் குறைச்சிருக்கேன்ல என்றார். எதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"வடிவு, எங்க குத்தாலத்தக் காணோம்?" அண்ணன் வேலாயுதம் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"உள்ள போயிருக்காரு."

"இந்நேரமாவா? தட்ட வச்சிக்கிட்டுச் சம்பந்தி உக்காந்திருக்காரு. என்ன, வயிறு சரியில்லையா?"

"சூடாம்" என்றாள்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, அவளே சொன்னது. அதே சொல். வாய்க்குள் அது தயாராக உட்கார்ந்திருந்திருக்கிறது, கேட்டதும் எட்டிக் குதித்துவிட்டது.

"வேன் ஓட்டுதவன்ல. இன்ஜின் சூடு. வெந்தயம் குடிக்கச் சொல்லு. சீக்கிரம் வரச் சொல்லு" என்று அண்ணன் திரும்பிப் போனான். முன்னறையில் அவன் குரல் கேட்டது. "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு படபடப்பு இல்ல, சித்தப்பாவுக்குத்தான்!" எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள், நல்ல மனுசி. யாருடைய சிரிப்பும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை மூடவில்லை.

வெந்தயம் குடிக்கச் சொல்லவா? அதை அவள் எப்போதோ சொல்லியாகிவிட்டது. ஆடியில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்திருந்தபோது இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தவனிடம், ராத்திரி ஊறவச்சுக் காலையில வெறும் வயித்துல குடிங்க தம்பி என்று, தாய் மாதிரி, வாயெல்லாம் பரிவாக, அவள்தான் சொன்னாள். தெரிந்தே சொன்னாளா? இல்லை, தெரியாது, அப்போது தெரியாது. அப்போதும் தெரியும். வயிற்றுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் தெரியும், அந்த மூலைப் பக்கம் அவள் போவதே இல்லை. போன மாசம் அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள் போன் பண்ணினாள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தது, பந்திக்கு யார் சமையல் என்று என்னென்னவோ பேசிவிட்டு, வைக்கப் போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு அதிசயம் கேளுங்கக்கா. உங்க கொழுந்தனாரு இப்பல்லாம் அவரு துணிய அவரே தொவைக்காரு!" வடிவு என்ன சொன்னாள்? நல்லதுதானே என்றாள். நல்லதுதானே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள், வைத்துவிட்டு அரிசி களைந்தாள், உலை வைத்தாள், சீரியல் பார்த்தாள். ராத்திரி தூங்கவும் செய்தாள். இப்போது முன்னறையில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு சம்பந்தியம்மாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாளே பேச்சி, அந்தச் சிரிப்பை எங்கே கொண்டு போய் வைப்பது? இன்றைக்குக் காலையில் குற்றாலிங்கம் கறுப்புப் பேண்ட் போட்டு வந்து இறங்கினான். தட்டு மாற்றுகிறவன் பேண்ட் போட்டு வருவானா? பட்டுக்கரை வேட்டி எடுத்துக் கொடுத்திருந்தாள், கோவில்பட்டி முழுக்கத் தேடி. வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது மதினி என்று சிரித்தான். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தது. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. எல்லாரும் பார்த்தார்கள், வேன் ஓட்டி அலைஞ்சு கருத்துப் போயிட்டான் என்றார்கள். கருத்துப் போகவில்லை, வெளுத்துப் போயிருந்தான். அவள் மட்டும் இலை போடப் போகிறேன் என்று அந்த இடத்தை விட்டு ஓடினாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இவளைத் தனியாகத்தான் கூப்பிட்டுச் சொன்னது. சின்னப் பொண்ணு, கண்ணாடி போட்டது. அவருக்கு அப்போதே நோய் ஈரலுக்குப் போய்விட்டது. குடல்ல புத்துநோய்ம்மா என்றது. ஒரு வருசத்துக்கு முன்னால வந்திருந்தா அந்த இடத்த மட்டும் வெட்டி எடுத்துத் தைச்சிருப்போம், வீட்டுக்குப் போயிருப்பாரு என்றது. அந்த ஒரு வருசமும் எங்கே போனது என்று டாக்டருக்குத் தெரியாது, வடிவுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் மூலம் பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருக்குமே, அந்த மாடி ரூமுக்குப் போய்விட்டது. கறுப்புப் பொடி, தேனில் குழைத்து. ரத்தம் நிற்கும், வரும், நிற்கும். நின்ற நாளெல்லாம் குணமான நாளென்று எண்ணிக்கொண்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், அங்க போயி இதக் காட்டச் சொல்லுதியா, அதுவும் பொம்பள டாக்டர்ட்ட என்று எரிந்து விழுவார். கூச்சம்! ஐம்பதை நெருங்குகிற ஆம்பிளைக்குக் கூச்சம். கையுறை போட்டு விரல் விட்டுப் பார்த்திருந்தால்கூடத் தட்டுப்பட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு அழுகை வரவில்லை, அவரைப் போய் உலுக்க வேண்டும் போலிருந்தது. அப்புறம்தான் அந்தப் பொண்ணு மற்றதைச் சொன்னது. சொல்லும்போது வடிவின் கையைப் பிடித்துக்கொண்டது. "இவரு கூடப்பொறந்தவங்க எல்லாரும் ஒரு தடவ கேமரா விட்டுப் பாத்துக்கணும்மா. ரத்தம் வந்தாத்தான்னு இல்ல, நல்லா இருக்கும்போதே. மொதல்ல குடலுக்குள்ள சின்னதா மரு மாதிரி தசை வளரும். அப்பவே பாத்துட்டா அந்தக் கேமராவுலேயே கிள்ளி எடுத்துரலாம், புத்தா மாறவே விடாது. உங்க பொண்ணும் முப்பது தாண்டுனதும் பாக்கணும். எல்லாருக்கும் வந்துரும்னு சொல்லல. பாக்காம இருக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்." சரிங்க என்றாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சரிங்க என்றாள். கீழே டீக்கடையில் நின்றிருந்த அண்ணனிடம் அப்படியே ஒப்பித்தாள். அவன் டீயை வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தான். "இதோட விட்டுரு. வாயத் தொறக்காத. பொம்பளப் புள்ள வச்சிருக்க. குடும்பத்துல ஓடுற வியாதின்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?" குத்தாலத்துக்காவது சொல்லணும்லண்ணே என்றாள். "அவன் பெண்டாட்டி வாயி ரேடியோ. கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

அப்புறம். அந்தச் சொல்லை மட்டும் எவ்வளவு இனிப்பாகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஊருக்குக் காமாலை என்று சொன்னார்கள். அதில் பாதிப் பொய்கூட இல்லை, ஈரலுக்குப் போனதில் கண்ணெல்லாம் மஞ்சளாகத்தான் இருந்தது. குற்றாலிங்கம் அப்போது நாக்பூர் பக்கம் லோடு போயிருந்தான், கடைசி நாட்களில்தான் வந்து சேர்ந்தான், மஞ்சள் கண்ணைப் பார்த்தான், காமாலை என்றார்கள், தலையாட்டினான். காமாலை என்றதும் ஆளாளுக்குக் கீழாநெல்லி பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். பாசத்தில்தான் வந்தார்கள். அவர்கள் கண் முன்னால் அதை அம்மியில் அரைத்து மோரில் கலந்து அவர் வாயில் ஊற்ற வேண்டியிருந்தது. அவர் குடித்தார். டம்ளர் விளிம்புக்கு மேலே அந்த மஞ்சள் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டே குடித்தார். அவள் அரைத்ததற்காகக் குடித்தார். ஐயோ, அந்தப் பார்வை. அடுக்களை ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் இன்னும் ஓடுகிறது. இப்போது போய்க் கதவைத் தட்டினால்? தட்டி என்ன சொல்ல? தட்டு மாற்றட்டும். வெற்றிலையும் பாக்கும் கை மாறுகிற நேரம்தானே, அதற்குள் யாரும் செத்துவிட மாட்டார்கள். இன்றைக்குத் தட்டு மாற்றிவிட்டால் நாளைக்குச் சொல்லலாம். நாளைக்குச் சொன்னால் நாளைக்கே ஆஸ்பத்திரி, பேச்சிக்குத் தெரியும், சங்கரன்கோவிலுக்குத் தெரியும், தட்டுத் திரும்பி வரும். மாற்றின தட்டுத் திரும்புவதைவிட மாற்றாமலே போவது மேல். அப்படியானால் தையில் கல்யாணம், கல்யாணம் முடிந்து சொல்லலாம். முடிந்ததும் மறுவீடு, ஆடிச் சீர், அப்போது சொன்னால் பெண்ணை அங்கே என்ன பேச்சுப் பேசுவார்கள். ஒரு பிள்ளை பிறக்கட்டும். பிள்ளை பிறந்து... அதற்குள் குற்றாலிங்கம் எங்கே இருப்பான்? அவனுக்கும் கீழாநெல்லி அரைக்க வேண்டுமா? எந்தப் பக்கம் போனாலும் அவள் புத்தி ஒரு முட்டுச்சந்தில் போய் இடித்துத் திரும்பியது, திரும்பி அதே பாத்ரூம் கதவுக்கு வந்து நின்றது. சுபாவை நினைத்தாள். உள் அறையில் அலங்காரம் முடித்து, வியர்த்துப் பவுடர் கலையாமல் இருக்க ஃபேனுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பையன், கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போவீங்கள்ல என்று கேட்டானாம், அதிலேயே இவள் விழுந்துவிட்டாள். எல்லாருக்கும் வந்துவிடாது, பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொன்னதை அந்த ஜமுக்காளத்தில் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? முதல் சொல்லிலேயே வேன் கதவு திறந்துவிடும். பெற்றவள் கையாலேயே மகள் வாழ்க்கையைக் கெடுப்பதா? ஆனால் அந்த மகளும் முப்பது தாண்டினதும் பார்க்க வேண்டியவள்தானே. அவளுக்கே தெரியாதே. அவளுக்குத் தெரியாமல் வைத்துத்தான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாளா இவள்? நாளைக்கு அவளும் ஒரு வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுச் சூடு என்று சொல்லிக்கொண்டிருப்பாள். யாருமே இல்லாத அடுக்களையில் வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள்.

தண்ணீர் நின்றது. தாழ்ப்பாள் விலகியது. குற்றாலிங்கம் முகம் கழுவி, தலை சீவி, நெற்றியில் திருநீறோடு வந்தான். பின்னாலேயே பினாயில் வாசனை வந்தது.

"வாங்க மதினி, நேரமாச்சு. தட்டு எங்க?"

அவள் வழியை விடவில்லை.

"தம்பி, ரத்தம் போகுதா?"

அவன் சிரித்தான், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "சூடு மதினி. வேன் சீட்டு..."

"சூடுன்னு சொல்லாதீங்க. உங்க அண்ணனுக்கு வந்தது காமாலை இல்ல. நான்தான் உங்ககிட்ட..." ஒரு எட்டு முன்னால் வைத்தாள். "குடல்ல புத்துநோய். கூடப்பொறந்தவங்க பாக்கணும்னு டாக்டர் சொல்லிச்சு. நான் மறைச்சுட்டேன் தம்பி. பாவி நான் மறைச்சுட்டேன்."

குற்றாலிங்கம் முன்னறைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவளைச் சமாதானப்படுத்துகிறவன் போலச் சொன்னான்.

"தெரியும் மதினி."

"என்ன தெரியும்?"

"அண்ணன் சொன்னான். நீங்க மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தீங்க. போயிப் பாத்துருடா, என்னைய மாதிரி வச்சுக்கிட்டு இருக்காதன்னு கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான்."

"அப்புறம் ஏன் போகல? ஏன் தம்பி போகல?"

"போனா ஊருக்குத் தெரியும்ல. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்குமான்னு கேப்பாங்க. சுபாவ யாரு எடுப்பா?" அவன் பேண்ட்டை இடுப்பில் இழுத்துவிட்டுக்கொண்டான். "தை வரைக்கும் தாங்கும் மதினி. கல்யாணம் முடியட்டும், அப்புறம் போய்க்கலாம். நீங்க ஒண்ணும் பேசாதீங்க. வாங்க."

அவளைத் தாண்டிக்கொண்டு அவனே தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு நடந்தான். அந்த முதுகைப் பார்த்தாள். அவன் அண்ணனின் முதுகுதான், அதே எலும்பு. தான் மறைத்ததாக அவள் நினைத்துக்கொண்டிருக்க, அவனும் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறான், தன் உடம்பில் வைத்து, அவள் பெண்ணுக்காக. இவனுக்குப் பேச்சி இருக்கிறாள், ஏழாவது படிக்கிற மகள் இருக்கிறாள். அந்தச் சின்னதுக்கு ஒருநாள் யார் தட்டு மாற்றுவார்கள்? ஒரு சாவு போதாதென்று இன்னொன்றைச் சீர்வரிசையில் வைத்துக் கொடுக்கப் பார்த்தோமே என்று அவளுக்கு ஆங்காரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அண்ணன் மேலா, செத்துப்போன மனுசன் மேலா, தன் மேலா. கால் தானாக முன்னறைக்குள் போய்விட்டது. அங்கே குற்றாலிங்கம் உட்கார்ந்துவிட்டிருந்தான். மாப்பிள்ளையின் அப்பா சாமியைக் கும்பிட்டுவிட்டுத் தட்டைத் தூக்கி நீட்டினார். சுபா தலை குனிந்து நின்றாள். பெண்கள் குலவை போட வாயெடுத்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் வடிவு.

"வடிவு!" என்று அண்ணன் எழுந்தான். அவன் முகம் பேயறைந்தது மாதிரி ஆகிவிட்டது.

"எங்க வீட்டுக்காரருக்குக் காமாலைன்னு சொன்னோம்ல, அது பொய்யிங்க. குடல்ல புத்துநோய். ரத்தம் போச்சு, சூடு சூடுன்னு வச்சிருந்து விட்டுட்டோம். இப்ப என் கொழுந்தனாருக்கும் ரத்தம் போகுது. என் பொண்ணும் முப்பது தாண்டுனதும் ஆஸ்பத்திரியில பாக்கணும், பாத்துக்கிட்டே இருக்கணும். பாத்தாப் பொழைக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கு. இதெல்லாம் தெரிஞ்சு எடுக்கறதுன்னா எடுங்க."

மாப்பிள்ளையின் அப்பா நீட்டின தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மெதுவாகத் தரையில் வைத்தார். தேங்காய் ஒன்று உருண்டு ஜமுக்காளத்தின் ஓரத்தில் போய் நின்றது, யாரும் எடுக்கவில்லை. பேச்சியம்மாள் மடித்துக்கொண்டிருந்த வெற்றிலையோடு புருசனைப் பார்த்தாள், அவன் பேண்ட்டைப் பார்த்தாள், அவள் வாய் கோணிக்கொண்டு போனது. சுபா நிமிர்ந்து அம்மாவை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வைக்கெல்லாம் வடிவுக்கு இப்போது நேரம் இல்லை. நேராகப் போய்க் குற்றாலிங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். வேன் ஸ்டியரிங் பிடிக்கிற கை, அவள் விரல்களுக்குள் லேசாக அடங்கியது.

"கெடுத்துட்டீங்களே மதினி" என்று அவன் எல்லார் முன்னிலையிலும் உடைந்து அழுதான். "இத்தன மாசம் பொறுத்தேனே, கெடுத்துட்டீங்களே."

"ஆமா" என்றாள் வடிவு. "செருப்பப் போடுங்க. மதுரைக்குப் போறோம்."